செயலக வாசலில் பதினேழு பேர்

நாட்டுக்கு விடுதலை கிடைத்த நான்காம் நாள் காலை, இரண்டு வருடங்களுக்கு முன் துறைமுகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பதினேழு பேரும் தலைமைச் செயலகத்தின் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். குடிநீர் இணைப்புக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, காவலாளி அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னான். ஐந்தாவதாக நின்றவர் கிரேன் ஓட்டியவர். அவருடைய மனைவி அதே கட்டடத்தின் மாடியில் தட்டச்சு வேலை பார்த்தாள். அவர் செத்து ஐந்தாம் மாதம் பிறந்த பெண்குழந்தைக்குப் பால்மாவு வாங்கவேண்டி அந்நியர் காலத்திலேயே சேர்ந்த வேலை. விஷயம் காதில் விழுந்ததும் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. உங்க பொண்ணை நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே."

"பேரைப் பதிஞ்சுட்டு வந்துடறேன். இப்ப நம்ம சர்க்கார்தானே, நாலு நாள் வேலை," என்றார் அவர்.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பூங்காவில் எழும்பிக்கொண்டிருந்த தியாகிகள் தூணில் தங்கள் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனு மாடி மாடியாக ஏறி இறங்க மூன்று வருடம் ஆயிற்று. கடைசியில் அது போய்ச் சேர்ந்த உள்துறைச் செயலர், அன்று துறைமுகத்தில் கைக்குட்டையை அசைத்துச் சுடச் சொன்ன அதே அதிகாரி. நிர்வாகம் தெரிந்த ஆள் வேண்டும் என்று புதியவர்கள் அவரை வைத்துக்கொண்டு, நாற்காலியின் உறையை மட்டும் கொடியின் நிறத்துக்கு மாற்றியிருந்தார்கள். பதிலை அவர் சொல்லச் சொல்ல, கிரேன் ஓட்டியவரின் மனைவியே அடிக்க வேண்டியிருந்தது. பதிவேட்டின்படி பதினேழு பேரும் ஓடும்போது தவறிக் கடலில் விழுந்து இறந்தவர்கள். பழைய அரசின் பதிவுகள் புதிய அரசிலும் செல்லுபடியாகும். வீட்டில் குழந்தை இருந்தது. பிழையில்லாமல் அடித்து, அவளே கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். கணவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குண்டு போன ஓட்டை வழியாக அது நழுவித் தரையில் விழுந்தது.

"நீயா அடிச்ச?"

"ஆமா."

"எழுத்து சுத்தமா இருக்கு."

அதற்குப் பிறகு பல மாதம் அவள் பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தாள்.

தூணைத் திறந்தபோது அதில் 'பெயர் அறியாத தியாகிகளுக்கு' என்று செதுக்கியிருந்தது. பூங்காவுக்கு எதிரே செயலக வாசலில் நின்ற பதினேழு பேரும் அவரவர் பெயரை உரக்கச் சொன்னார்கள். பேண்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாட்டுக்கு அணை வந்தது, தபால்தலை வந்தது, மூன்று பிரதமர்கள் வந்துபோனார்கள். மகள் பள்ளிக்குப் போகிற வழியில் அப்பாவிடம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். வளர்ந்ததும் துறைமுகத்தில் மூட்டை எடைபோடும் வேலைக்குப் போனாள். விடுதலையின் பதினெட்டாம் வருடம் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் பதினெட்டாவது ஆளாக வரிசையில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர். அப்பா முதன்முறையாக வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"நீ எதுக்கும்மா இங்க வந்த?"

"கூலி ஏத்திக் கேட்டோம்ப்பா."

"சுட்டது யாரு? அவங்கதான் கப்பலேறிப் போயிட்டாங்களே."

"நம்ம ஆளுங்கதான்ப்பா."

அவர் தன் ஐந்தாவது இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

மாடியில் செயலர் அறிக்கையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். தவறிக் கடலில் விழுந்து என்று அவர் சொல்ல, தட்டச்சுக்காரி மகளின் பெயரை அடித்தாள். பிறகு மற்ற எட்டுப் பெயர்கள், பழைய பதினேழு பெயர்கள், கடைசியில் சுடச் சொன்னவர் என்று போட்டு அவருடைய பெயர். ஐந்து கார்பன் பிரதிகளையும் ஐந்து துறைகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. எந்தத் துறையிலிருந்தும் பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் ஒரு முக்காலியோடு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வருடம் நகராட்சி, வரிசை நின்ற நடைபாதையை நீட்டிப் போட்டது. இருபத்தாறு பேர் நிற்க ஐம்பது அடி போதும் என்று பொறியாளர் எழுதியிருந்தார். மேலிடத்தில் அதை அடித்துவிட்டு இருநூறு அடி என்று திருத்தினார்கள்.