பின்னறை இருமல்

"என் தம்பி உள்ள இருமிக்கிட்டிருக்கான், நீ இங்க உட்கார்ந்து..."

"இருமட்டும் அண்ணி, நான் சாப்..."

"சாப்பிடுறியாம்! எப்படிடி தொண்டையில இறங்குது?"

"மென்னா இறங்குது."

தம்பி செத்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. இருமல் மட்டும் சாகவில்லை. ஆளைக் கொண்டுபோய்விட்டு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்னறையில் அது ஆரம்பித்தது. முதலில் வறட்டு இருமல், பிறகு சளியோடு நீளமாக ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு கனைப்பு. அவனுடையதேதான். மாடியில் குடியிருந்தவர் இறங்கி வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டாக்டரை மாற்றிப் பார்க்கலாமே என்றார். அவனுடைய அக்கா, மனைவிக்கு நாத்தனார், வெந்நீர் கொண்டுபோய் வைத்தாள், தம்ளர் காலியாயிற்று. அன்றிலிருந்து அவளும் தம்பி மனைவியும் முறை வைத்துக்கொண்டு வெந்நீர் சுமந்தார்கள். குடிக்கக் குடிக்க இருமல் கூடியது. கூடக் கூட இன்னும் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோனார்கள். செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றுக்காகத்தான் அவன் இருமுகிறான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. விட்டது யார் என்பதில்தான் சண்டை.

மனைவிக்குத் தையற்கடையில் காஜா எடுக்கும் வேலை. தூக்கமும் சோறும் இல்லாமல் போனதில், ஒருநாள் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் துளை போட்டு வைத்தாள். பொத்தானுக்கு இடமே இல்லை. "இதை யாரும்மா மாட்டுறது, காத்தா? இன்னொரு தடவை இப்படின்னா வீட்டோட இருந்துக்கோ," என்றார் கடைக்காரர். அந்த வாரம் கிழிந்த அங்கியைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒரு புத்த பிக்கு காத்திருந்தார். அவருக்கு அவள் வயதில் பாதிகூட இராது. பஸ் போய்விடும் என்று கடுகடுத்துக்கொண்டிருந்தவர், ஊசி விரலில் குத்தி நிற்க அவள் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்து எழுப்பி விசாரித்தார். இருமல் விஷயத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை.

"இருமினா 'இருமல்'னு மனசுக்குள்ள சொல்லுங்க. மூச்சு போறதையும் வர்றதையும் பாருங்க. அப்புறம் உங்க உடம்பு என்ன கேக்குதுன்னு பாருங்க."

"புருஷன் செத்தவகிட்ட பேசுற பேச்சா இது?"

"செத்தவர்கிட்ட பேச முடியாதேம்மா."

அங்கியை அவர் மேல் விட்டெறிந்தாள். அந்த மொட்டையன் சொன்னது சுத்தப் பொய் என்று நிரூபிக்கத்தான் அன்று சாயங்காலம் தம்ளர் இல்லாமல் பின்னறைக்குள் போய் உட்கார்ந்தாள். இருமினான். இருமல், என்றாள். மூச்சு போயிற்று, வந்தது. கோபம் வந்தது, கோபம், என்றாள். அழுகை வந்தது, அதற்கும் அதன் பேரைச் சொன்னாள். அப்புறம் ஓர் இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேறொரு சத்தம் கேட்டது. அவளுடைய வயிறு. எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்ததோ! எழுந்து போய்த் தலைக்குக் குளித்தாள், சோறு வடித்தாள், தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் உள்ளே வந்தாள்.

"எங்கப்பா கட்டின வீடு இது. வெந்நீர் தூக்காதவளுக்கு இங்க இடமில்ல, கிளம்பு!"

"கிளம்புறேன். அவர் இருமலும் என் பின்னாலயே வந்தா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

நாத்தனார் இவளை வெளியே விடாமல் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இவள் முறைக்கும் சேர்த்துத் தானே வெந்நீர் சுமக்கப் போனாள்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. இவள் தூங்கினாள், சாப்பிட்டாள், தினமும் கொஞ்ச நேரம் இருமலோடு உட்கார்ந்து எழுந்தாள். காஜா நேராக விழுந்தது. நாத்தனார் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள், வீட்டில் அடுப்பை அணையவிடவில்லை. தெரு இருமலுக்குப் பழகிவிட்டது. புதிதாகக் குடிவருபவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தோடு அதையும் சொல்லிவிடுவார்கள்.

ஒருநாள் நாத்தனார் வழக்கம்போல் திட்டிக்கொண்டே ஆவி பறக்கும் தம்ளரோடு கடந்து போனாள். வரும் மூச்சையும் போகும் மூச்சையும் பார்த்துப் பார்த்துப் பழகிய இவள் கண், தம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் போய் நின்றது.

"அண்ணி, நில்லுங்க. கையெல்லாம் வெந்து தோலே இல்லையே, உங்களுக்கு வலிக்கலையா?"