மலைக்கு மேல் ஏழு நிமிடம்

மேற்கே மலை இருக்கிற ஊரில் பிறந்தவன் அந்தி வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படக் கூடாது. எங்கள் கம்பத்தில் சூரியன் மறைவதற்கு முன்பே மலை அதை மறைத்துவிடும். மெல்லிய பிறையை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததாக நினைவில்லை. வெளியூரிலிருந்து போன் வந்தால்தான் எங்களுக்கு நோன்பு.

நான் நௌஷாத். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். பிறையும் இரண்டு கோள்களும் பக்கம் பக்கமாக நிற்கிற ஒரே ஒரு படம் வேண்டும் என்று மூன்று வருஷமாக அலைகிறேன். ஒரு வருஷம் மேகம் கெடுத்தது. மறு வருஷம் சரியாக அந்த நேரத்துக்கு ஒரு நிக்காஹ். இந்த மாசியில் எல்லாம் கூடி வந்தது. மேலே புதன், நடுவே பிறை, கீழே வெள்ளி. கிழக்கே தள்ளிப் போனால் மலை தாழ்ந்து தெரியும். ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே ஒச்சாண்டியின் திராட்சைத் தோட்டத்தில் நின்றால், போதுமான அளவு இருட்டிய பிறகும் ஏழு நிமிடம் மூன்றும் மலைக்கு மேலே இருக்கும். அப்புறம் வெள்ளி மலைக்குள் போய்விடும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நான் செய்த தப்பு ஒன்றுதான். அன்று ரமலானுக்கு முந்தின மாதமான ஷஃபானில் இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. அது தெரிந்திருந்தும், எங்கே போகிறேன் என்று மாமியார் சுல்தான் பீவியிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பேசாமல் பள்ளிவாசல் மைக்கிலேயே சொல்லியிருக்கலாம்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஸ்டாண்டை நிறுத்தினேன். அவ்வளவு பெரிய லென்ஸில் விரல் பட்டாலே படம் ஆடும் என்பதால், செல்போனிலிருந்துதான் கேமராவை இயக்க வேண்டும். மூன்றும் திரையில் வந்து நின்றன. முதல் படத்தை எடுத்தேன். பிறை இரண்டாகத் தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. தொட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏலே ஒச்சாண்டி, மோட்டாரப் போட்டியா?"

"மும்முனை கரண்டு இப்பத்தான் பாய் வந்துச்சு. போடாம என்ன செய்ய?"

"பத்து நிமிசம் நிறுத்துலே, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவன் அசைந்து அசைந்து போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. தொட்டி அடங்கியது. இனி எடுக்கலாம் என்று போனைத் தொட்டேன். அது அடித்தது. மாமியார்.

"மாப்ள, பிறை தெரிஞ்சுச்சா? விடியக்காலம் சஹருக்கு அரிசி ஊறப் போடவா, வேணாமா?"

"போடுங்க மாமி, போடுங்க!" என்று கத்திவிட்டுத் துண்டித்தேன். கேமராவோடு இருந்த இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி இணைத்தேன். மறுபடி அடித்தது. இந்த முறை ஜமாஅத் செயலாளர் கலீல் ரஹ்மான். அவர் அழைப்பைத் துண்டிக்க முடியாது.

"நௌஷாத், பிறை தெரியுதாமே?"

"பளிச்சுன்னு தெரியுது மாமா."

"அல்ஹம்துலில்லாஹ். கண்ணாலதானப்பா பாத்த?"

திரையைப் பார்த்தேன். வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேமராவுல பாத்தேன் மாமா."

"அது செல்லாதுப்பா. பள்ளிவாசல் அஜ்ரத் பக்கத்துலதான் இருக்காக. வெறுங்கண்ணால பாத்தவன் சொன்னாத்தான் சாட்சிங்கிறாக. ஊரே இங்கன காத்து நிக்குது. பாத்துட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

அவர் லைனில் இருக்கிற வரைக்கும் கேமரா வெறும் கல். வெள்ளிக்கும் மலைக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் மிச்சம். 'பாத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போனை வைத்துவிடுவார். வாய்வரைக்கும் வந்தது. ஊர் முழுக்க என் வாயை நம்பி நோன்பு வைக்கும். சொல்ல நா எழவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். திரை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெறும் வானம்.

"அந்தா கெடக்குல்ல பாய், ராயப்பன்பட்டி சர்ச்சு சிலுவைக்கு மேல ஒரு சாண் தள்ளி" என்றான் ஒச்சாண்டி.

"ஒனக்குத் தெரிஞ்சு என்னலே செய்ய? ஓஞ் சாட்சி அங்க செல்லாது."

"ஏன், நான் பொய்யா சொல்லப்போறேன்?"

சிலுவையைக் குறியாக வைத்து மேலே தேடினேன். கண் மெல்லப் பழகியது. முதலில் புதன், சின்னப் பொட்டாக. அதன் கீழே நகம் வெட்டிப் போட்டதுபோலப் பிறை. அதற்கும் கீழே, மலை விளிம்பைத் தொட்டபடி வெள்ளி. மூன்று வருஷமாக நான் தேடியது இதைத்தான். எவ்வளவு சின்னதாக, எவ்வளவு சுத்தமாக இருந்தது! பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளி அணைந்தது.

"பாத்தேன் மாமா. என் கண்ணால பாத்தேன்."

"சந்தோசம்ப்பா. கடற்கரைப் பக்கமிருந்து அப்பவே தகவல் வந்துருச்சு. இருந்தாலும் நம்ம ஊர்க்காரன் பாத்தான்னா அது தனிதானே?"

ரமலான் பிறந்த முதல் நிமிடத்திலேயே வாயைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வந்த வசவை எல்லாம் முழுங்கினேன். கேமராவில் இருந்தது இரண்டே படம், இரண்டும் ஆடிப்போனவை.

"வருத்தப்படாதீக பாய், நானும் ஒண்ணு எடுத்தேன்" என்று ஒச்சாண்டி தன் செல்போனை நீட்டினான். "எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். அதில் பிறை இல்லை, புதன் இல்லை, வெள்ளி இல்லை. நான் இருந்தேன். காதில் போன், வாய் பாதி திறந்து, கண்ணில் நீர் கோத்து, அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன். படம் சாய்ந்திருந்தது. ஃபோகஸும் சரியில்லை. கல்யாண வீடுகளில் ஆயிரம் முகம் எடுத்திருக்கிறேன், அப்படி ஒரு முகம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதை அவன் எடுத்ததுதான் எரிச்சல்.