சோகத்துக்கு லாயக்கில்லாத முகம்

என் வீட்டுக்காரர் துக்கம் வரைகிறவர். சிலர் குதிரை வரைவார்கள், சிலர் மலை வரைவார்கள். இவர் துக்கத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். பத்திரிகைகளில் இவரை ‘வேதனையின் தூரிகை’ என்று எழுதுகிறார்கள். அந்தத் தூரிகைக்குக் காலையில் இரண்டு முட்டை, மதியம் வயிறு முட்டச் சாப்பாடு, அதற்குப் பிறகு குறட்டையோடு ஒரு தூக்கம். எதிலும் ஒரு குறையும் கிடையாது. அவர் வாழ்க்கையில் கண்ட பெரிய சோதனை, ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது சட்டைப் பித்தானை அவரே தைத்துக்கொள்ள நேர்ந்ததுதான். அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

அவருடைய துக்கத்துக்கெல்லாம் முகம் கொடுத்தவள் நான். கல்யாணமான புதிதில், “கொஞ்ச நேரம் அப்படி உட்காரேன்” என்றார். உட்கார்ந்தவள் இருபத்தைந்து வருஷமாக எழுந்த பாடில்லை. மாடியறையில் ஜன்னலை ஒட்டி ஒரு முக்காலி இருக்கும். அதில் முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, முகத்தைக் கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் எனக்குச் சாப்பாடு கிடையாது. வயிறு நிறைந்தால் கன்னமும் நிறைந்துவிடுமாம். பகலெல்லாம் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எந்த முகத்துக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று சொல்வது என் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெறும் வயிற்றோடு உலகத்தின் துயரத்தையும் நானே சுமந்தேன்.

முக்காலியில் உட்கார்ந்து நான் என்ன நினைப்பேன் என்று யாரும் கேட்டதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதை நினைப்பேன். கடையில் ஒரு கிழவர் நாற்பது பிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் போனதை நினைப்பேன். படம் வெளியே வந்ததும், ‘யுகயுகமாக ஏமாற்றப்பட்ட பெண்ணின் மௌனம்’ என்று யாராவது எழுதுவார்கள். ஏமாற்றியது அந்தக் கிழவர்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்த படம் ‘சூன்யம்’. அது வரைந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருந்தது. வலியில் உயிர் போயிற்று.

“பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேங்க, அப்புறம் உட்கார்றேன்” என்று கெஞ்சினேன்.

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோ. கண்ணுல அந்தக் கலக்கம் இப்பத்தான் வந்திருக்கு. பல்லைப் பிடுங்கிட்டா போயிடும்” என்றார்.

அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு பேராசிரியை தேம்பித் தேம்பி அழுததை நான் கண்ணால் பார்த்தேன். பிரபஞ்சத்தின் வெறுமையை அதில் கண்டாராம். என் கைக்குட்டையைத்தான் கொடுத்தேன். பல் டாக்டர் பெயரையும் சொல்லியிருப்பேன், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் தம்பியின் மனைவி இறக்கும்வரை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. என்ன காய்ச்சல் என்று அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகுட்டி கிடையாது. அந்த வீட்டில் அவனைத் தனியாக விட மனசில்லாமல், கையோடு கூட்டிவந்து எங்கள் கீழ் அறையில் தங்கவைத்தேன்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு. துக்கம் விசாரிக்க வந்தவர்களைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

“லிஃப்ட்காரன் சார் நான். மேல போனவங்க எப்படியும் கீழ வருவாங்கன்னு நம்பிப் பழகிட்டேன். அதான் லேட்டா புரியுது” என்றான் ஒருவரிடம். வந்தவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டு, அப்புறம் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். ‘பையன் கெட்டிக்காரன், தேறிட்டான்’ என்று எல்லோரும் சொன்னார்கள். தேறாத மனிதனைப் பார்க்க வருவது யாருக்கும் சிரமம்தானே?

அவன் தட்டைக் கழுவுகிறவள் நான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுவான். படுக்கை விரிப்பு போட்டது போட்டபடி கசங்காமல் கிடக்கும். ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, ஷூ பளபளக்கும். ஒருநாள் அவனோடு வேலை பார்க்கிறவர் வீடு தேடி வந்து நன்றி சொன்னார். தம்பி தன்னுடைய கருவிப் பையை அப்படியே அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டானாம். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை நான் எடுத்தால்கூட வீட்டை இரண்டாக்குகிறவன் அவன்.

“எல்லாத்தையும் ஏன்டா குடுத்தே?” என்று கேட்டேன்.

“தூக்க முடியலைக்கா. ரொம்ப கனம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவன் எதற்கோ தயாராகிறான் என்று பட்டது. அன்றைக்கே மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினேன். தம்பி கொஞ்சம் முரண்டு பிடித்தான், பிறகு, “சரி, உன் ஆசைக்கு வர்றேன்” என்றான். வருகிறேன் என்று சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வேதனையின் தூரிகை உள்ளே நுழைந்தது. பெரிய கண்காட்சி ஒன்று வரவிருந்தது. தலைப்பு ‘இழப்பு’. மனைவியை இழந்த ஒருவனை வரைய வேண்டுமென்று எங்கெங்கோ ஆள் தேடிக்கொண்டிருந்தவருக்கு, வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருப்பது திடீரென்று கண்ணில் பட்டது. வாயெல்லாம் பல்லாக வந்து கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியோ, “சும்மா உட்கார்ற வேலைதானே மாமா, செஞ்சுட்டாப் போச்சு” என்று மாடியேறிவிட்டான்.

டீ எடுத்துக்கொண்டு நான் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

“அவளை நினைச்சுக்கோ மாப்ளே.”

“நினைச்சுக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்.”

“அப்ப முகத்துல காட்டு.”

தம்பி காட்டிப் பார்த்தான். வந்தது சிரிப்புத்தான். வாயோரம் கொஞ்சம் கோணலாக, எதற்கோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“என்னப்பா இளிக்கிறே? எழுந்திரு, நான் காட்டறேன்” என்று என் வீட்டுக்காரரே முக்காலியில் உட்கார்ந்தார். தோளைத் தொங்கவிட்டார். புருவத்தை நெரித்தார். ஒரு கையை நெற்றியில் வைத்து, இன்னொரு கையின் விரல்களை லேசாக நடுங்கவைத்தார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சே வெடித்துவிடும். அப்படியே அரை நிமிஷம் இருந்துவிட்டு எழுந்து, “பிஸ்கட் கொண்டு வரலையா?” என்று என்னிடம் கேட்டார்.

தம்பி கைதட்டினான். “பிரமாதம் மாமா. அக்கா செத்தா நீங்க அசத்திடுவீங்க.”

அந்த வாரம் முழுக்க முயற்சி நடந்தது. இருட்டில் உட்காரவைத்தார், தலையைக் கலைத்துவிட்டார், செத்துப்போனவளின் போட்டோவை எடுத்துவந்து எதிரில் வைத்தார். அந்தப் போட்டோவைப் பார்த்ததும் தம்பியின் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்புச் சொன்னார். “உன் தம்பிக்குத் துக்கம் ஆறிப்போச்சு. இனிமே அவனைப் பத்திக் கவலையே படாதே.”

“அவன் தூங்கறதே இல்லைங்க. டூல்ஸ் பையைத் தூக்கிக் குடுத்துட்டான்.”

“துக்கம் இருந்தா தோள் இறங்கும், கண்ணுக்குக் கீழ நிழல் விழும், உதடு தொங்கும். இவனுக்கு ஒண்ணுமே இல்ல. இத்தனை வருஷமா இதையே பார்த்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “கேட்டியாக்கா? நிபுணரே சொல்லிட்டார். லிஃப்ட்ல கோளாறு இல்லைன்னு மெக்கானிக் சொன்னப்புறம் யாராவது அதைப் பிரிச்சுப் பார்ப்பாங்களா?” சொன்ன கையோடு டாக்டருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். நான் கத்தினேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் அசையவில்லை. என் வீட்டுக்காரரை அன்றைக்கு நான் என்னென்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கோபம் உன் முகத்துக்குச் சரியா வரலை” என்றார்.

படம் என்னவோ முடிந்தது. உடம்பு தம்பியுடையது, அவனுடைய வேலைச் சட்டையோடு. முகத்துக்கு மட்டும் என்னுடைய பழைய பல்வலியை எடுத்து ஒட்டி, இரண்டு நாள் தாடியும் வைத்துவிட்டார்.

கண்காட்சிக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். கலை ஆர்வம் ஒன்றும் இல்லை, வீட்டில் அவனைத் தனியாக விடப் பயம். கழிப்பறைக்கு ஐந்து நிமிஷம் அதிகமாகப் போனாலே கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவனும் தேய்த்த சட்டையோடு கிளம்பினான். வெள்ளைச் சுவர், குளிர்ந்த காற்று, வருகிறவர்கள் எல்லாம் கறுப்பு உடை. வாசலில் பழரசம் கொடுத்தார்கள். உள்ளே ஆளாளுக்குக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, துயரத்திலிருந்து துயரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். தம்பியின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். ஒரு அம்மாள் கண்ணோரத்தை, மை கலையாமல், மெதுவாக ஒற்றிக்கொண்டிருந்தார்.

யாரோ கைகாட்டிச் சொல்ல, பெரிய விமர்சகர் ஒருவர் தம்பியைத் தேடி வந்தார். முகத்தின் பாதியை மறைக்கிற பிரேம், எந்தப் பாவி விற்றானோ.

“இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?”

“உடம்பு நான் சார். மூஞ்சி அக்காவோடது. நிபுணருக்கு என் மூஞ்சி பிடிக்கலை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விமர்சகரும் சிரித்து, அவன் தோளைத் தட்டினார். “நேர்ல எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க! நல்லவேளை, நிஜத்துல உங்களுக்கு இப்படி எதுவும் நடக்கலை.”

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். “நடந்துச்சு சார்” என்று சொல்லிச் சிரித்தான். “அவ போன அன்னிக்கு மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு சார்” என்றான். சிரிப்பு நிற்கவில்லை. போகப் போக அதற்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது, வாந்தி எடுக்கிறவன் சத்தம் மாதிரி. காலை அகட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கு ஒழுகி வாய்க்குள் போயிற்று. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, விக்கல் விக்கலாக வந்தது. நெற்றியில் கை வைக்கவில்லை, விரலும் நடுங்கவில்லை. மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினான்.

முதலில் இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் படமெடுக்கப் போனைத் தூக்கினார். சளியைப் பார்த்ததும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். கண்ணை ஒற்றிக்கொண்டிருந்த அம்மாள் முகத்தைச் சுளித்து, “இங்க நின்னு ஒரு படத்தை நிம்மதியா பார்க்க முடியுதா?” என்றார். காவலாளி ஓடிவந்தார். என் வீட்டுக்காரரும் வந்தார். தரையில் கிடந்தவனை ஒரு தரம் பார்த்தார், விருந்தினர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு காவலாளியிடம், “மெதுவா வெளிய கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டேன். என் புடவை முழுக்க நனைந்தது. தோளில் விழுந்து அழ ஒரு ஆள் இருக்கும்போதே இத்தனை மாதமாக இவன் யாருக்காகச் சிரித்தான் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். பக்கத்தில் உட்காரப்போகிறார் என்றுதான் நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன்.

“கொஞ்சம் சத்தமில்லாம அழச் சொல்லு. உள்ள கேக்குது” என்றார்.

“கேக்கட்டும்” என்றேன். “கார் சாவியைக் குடுங்க.”

“இப்ப எங்க கிளம்பறே? பேச்சு ஆரம்பிக்கப் போறாங்க. எல்லாரும் உன்னைப் பார்க்கணும்னு கேக்கறாங்க.”

“என் மூஞ்சிதான் எல்லாச் சுவத்துலயும் இருக்கே. பார்த்துக்கட்டும்.”

சாவியை அவர் பையிலிருந்து நானே எடுத்தேன். தம்பியை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவசரப் பிரிவில் கொஞ்ச நேரம் காக்கவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டருக்கு என் வயதிருக்கும். தம்பியின் முகத்தையோ தோளையோ அவர் ஆராயவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகக் கேட்டார்.

“செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

தம்பி என்னைப் பார்த்தான். “தோணுது” என்றான். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் அவன் வாயால் கேட்டபோது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். இங்கயே தங்கிடுங்க, நாங்க பார்த்துக்கறோம்” என்றார் டாக்டர்.

தம்பி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “லாட்ஜ் மாதிரி கூப்பிடறீங்களே டாக்டர். இங்க சாப்பாடெல்லாம் எப்படி?”

எனக்கே, பழக்க தோஷம், சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. இத்தனை மாதத்தில் அவன் சொன்னதற்குச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். எழுந்து கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

“கடைசியா வயிறார எப்ப சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

தம்பி பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வழக்கமாக வருவது வரவில்லை.

“அவ இருந்தப்ப” என்றான்.

டாக்டர் தலையாட்டினார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, சாப்பிட ஏதாவது கொண்டுவரச் சொன்னார்.