சாதனா போடாத கையெழுத்து

"கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்!"

"உன் ஒருத்திக்காக மொத்த டீமும் துர்கா பூஜைக்கு லீவு இல்லாம உக்காரணுமா?"

கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் எதிர்ஃபிளாட் அது. உறைமோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டேன். கத்தியவள் சுலோசனாவின் மகள் சாதனா. சால்ட் லேக்கில் சிப் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. எதிரே நின்றவன் அவளுடைய டீம் லீடர் ரோஹித். நம்ம தமிழ்ப் பையன்தான், கோபம் மட்டும் வங்காள மொழியில் வரும்.

"என்னடி கையெழுத்து? ரிஜிஸ்டர் கல்யாணமா?" என்றேன் ஆசையாக.

"ஐயோ ஆன்ட்டி! சிப்புக்குள்ள ஒவ்வொரு சிக்னலும் குறிச்ச நேரத்துக்குள்ள போய்ச் சேரணும். சேருதுன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபேக்டரிக்குப் போகும். அப்புறம் தப்புன்னா, என் வேலை போயிடும்."

"தூர்! சூட்டுலதான் சிப் மந்தமாகும். நூத்தி இருபத்தஞ்சு டிகிரில பாத்தாச்சு, பாஸாயிடுச்சு" என்றான் ரோஹித்.

"பழைய சிப்புக்கு அது சரி. இது ரொம்பக் குறைஞ்ச வோல்டேஜ்ல ஓடறது. இதுக்குக் குளிர்லதான் கால் இழுக்கும். அதை நீ பாக்கவே இல்ல!"

"கொல்கத்தால ஏது குளிரு?"

"இருபது டிகிரிக்கே நீ குரங்குக் குல்லா மாட்டிக்கறியே! சிப்பு சிக்கிம் போகாதா?"

நிரூபிக்க அவளிடம் இதே வகைச் சிப் பொருத்திய ஒரு பழைய சோதனை போர்டு இருந்தது. குளிரூட்டிச் சோதிக்கும் பெட்டி மட்டும் பெங்களூர் ஆபீசில். சுலோசனாவின் ஃபிரிட்ஜோ ரிப்பேர். விடுவேனா? "எங்க வீட்டுக்கு வாங்கோ" என்று இழுத்துப் போனேன்.

"இட்லித்தட்டுல நடுக்குழி சீக்கிரம் வேகும், ஓரம் லேட்டாகும் இல்லையா ஆன்ட்டி? ஒரே நாள்ல செஞ்ச சிப்புலயும் அப்படித்தான், சிலது மந்தம். இந்த போர்டுல இருக்கறது அந்த மந்தச் சிப்பு" என்று விளக்கிக்கொண்டே வோல்டேஜைக் குறைத்தாள். போர்டில் பச்சை விளக்கு சிமிட்டியது; சிமிட்டினால் சிப் ஓடுகிறது என்று அர்த்தமாம். ரோஹித் என் ஹேர்டிரையரால் சூடு காட்டினான். சிமிட்டல் நிற்கவில்லை.

"பாத்தியா!" என்று துள்ளினான்.

அவள் போர்டை ஒரு டப்பாவில் மூடி ஃபிரீஸரில் வைத்தாள். வயர் மட்டும் வெளியே. என் பட்டாணிப் பொட்டலங்கள் சமையல் மேடைக்கு வந்தன. இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் விளக்கு சிமிட்டாமல் நின்றிருந்தது. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றியதும் மறுபடி சிமிட்டியது.

ரோஹித் தலையைச் சொறிந்தான். "ஹேரே கேலாம்!" தோற்றுவிட்டேன் என்பதை இவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆண்பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பட்டாணியை அப்படியே சுண்டலாக்கினேன். இருவரும் ஒரே தட்டில் தின்றதை நான் கவனிக்காமல் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு நாள், சிப்புக்குள் சிக்னல் மெதுவாகப் போகும் வழிகளில் வேகமான உறுப்புகளை மாற்றிப் போட்டார்கள். பஞ்சமியன்று மாலை, பூஜைப் பந்தலில் டாக் மேளம் முழங்கத் தொடங்கியபோது, சாதனா கையெழுத்துப் போட்டாள்.

சில மாதம் கழித்து ஃபேக்டரியிலிருந்து வந்த சிப் முதல் தடவையிலேயே ஓடியது. குளிர் விஷயத்தைப் பிடித்தவள் யார் என்று விசாரித்து, பெங்களூர் ஆபீஸ் அவளை அழைத்துக்கொண்டது. மூன்றே மாதத்தில் ரோஹித்தும் மாற்றல் கேட்டான். வேலை விஷயமாம்! அடுத்து வந்த தை மாதம், கொல்கத்தாவிலேயே லேக் மார்க்கெட் பக்கம் கல்யாணம். இப்போது சுலோசனாவும் அவர்களோடு பெங்களூரில். எதிர்ஃபிளாட்டுக்கு ஒரு கஸ்டம்ஸ் ஆபீசர் குடும்பம் வந்திருக்கிறது. சத்தமே போடாத ஜனங்கள், என்ன பிரயோஜனம்?