ஜார்ஜியா ஒயினில் ஒரு கரண்டி சீனி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்று குடையாதீர்கள். நெய்யூர் ததேயுஸுடையது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியை இப்படித் தொடங்கியிருந்தேன்: 'நெய்யூரில் அன்று வெண்பனி கொட்டிக்கொண்டிருக்க, ததேயுஸ்...' அடித்துவிட்டேன். இங்கே பனி கொட்டினால் கலெக்டரே ஓடி வருவார்.

ததேயுஸ் டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்குத் திராட்சை, சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை எல்லாம் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் போட்டு ஒயின் வைப்பார். மூடியைத் திறந்தால் திருவட்டாறு வரை பூனைகள் தள்ளாடும்.* முதல் கிளாஸ் மனைவி லீமாவுக்கு. "இந்த வருசமும் ஜோர்" என்று அவள் சொன்னால்தான் அவருக்குப் பண்டிகை. முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிவருகிறாள்.

(* ஒரு பூனை. வாசல் வரை.)

2

எட்சனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன், வரவில்லை, சிரித்த முகக்காரன். ஒரே குற்றம், ததேயுஸுக்கு முன்பே லீமாவைப் பெண் பார்க்க வந்தவன். அவன் மகள் ஜாஸ்பின் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் கொண்டுவந்த இரண்டு பாட்டிலோடு, பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் வந்துவிட்டான்.

"ஜார்ஜியாவா? அங்க ஒயினும் உண்டுமா?" என்றார் ததேயுஸ்.

"என்னவே இப்பிடிக் கேக்கீரு! பானையை மண்ணுல புதைச்சு, எட்டாயிரம் வருசமா போடுதாவ. விலை வெறும் நானூறு ரூவா. குடிச்சுப் பாரு லீமா."

லீமா ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணியது. ததேயுஸுக்கு உள்ளுக்குள் ஏழு வெடி வெடித்தது.

"புளிச்சுப்போச்சுவே! புதைச்சவன் தோண்ட மறந்துட்டான்" என்றார்.

"இது இனிக்காத ஒயினு ஓய், இப்பிடித்தான் இருக்கும்."

"இனிக்காததுக்குப் பேரு ஒயினா?" என்று கெக்கலித்து, அவள் கிளாசில் ஒரு கரண்டி சீனியைத் தட்டிக் கலக்கினார். "இந்தா, இப்ப குடி."

குடித்தாள். கண் விரிந்தது. "ஜோர்! முப்பத்தெட்டு வருசத்துல இப்பிடி ஒண்ணு குடிச்சதில்ல."

சீனி போட்ட கை யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

3

எட்சன் போனதும் ததேயுஸ் அடுக்களையில் அந்த ஒயினைச் சீனி போடாமல் குடித்துப் பார்த்தார். 'குமட்டிக்கொண்டு வந்தது, ஜன்னல் வழியே துப்...' இல்லை. நன்றாக இருந்தது. பாவி, மிக நன்றாக இருந்தது.

"நாளைக்கு வாறவங்களுக்கு எதை ஊத்துவ?" என்று மனைவியிடம் கேட்டார், சும்மா கேட்பதுபோல.

முடிவு ஒன்று: பாட்டில் கைதவறி உடைகிறது. (தரை புது டைல்ஸ், லீமா கொன்றுவிடுவாள்.) முடிவு இரண்டு: அவர் எட்சனைக் கட்டிப்பிடிக்கிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

லீமா சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்; எழுதினால் எட்சன் படித்துவிடுவான். "வாறவங்களே சொல்லட்டும்" என்று அவள் சொன்னதாக மாற்றிக்கொள்கிறேன்.

ஆகவே, நாளைக் காலை நீங்கள்தான் விருந்தாளி. லீமா இரண்டு கிளாஸ் நீட்டுகிறாள். கதவுக்குப் பின்னால் ததேயுஸ், மூச்சுக்கூட விடாமல், உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எடுங்கள்.