சாவு வீட்டுப் பன்னீர்

வாளிக்குள் ஐந்து பேருடைய எச்சில் கலந்து கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கிறது, குனிந்து துப்புகிறேன், முகத்தில் தெறிக்கிறது, சீ, என்ன பிழைப்பு இது, இருபது வருடமாக ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பி, அது எந்த ஊர் மண், எந்தப் பழத்தின் வாசம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான், பெங்களூரில் அந்த மாடி அறையில் வெள்ளை மேசைவிரிப்பு, காகிதம் சுற்றிய ஏழு பாட்டில்கள், எது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியக் கூடாது, எனக்குத் தெரிந்துவிடும், முதலாவது நாசிக், கொய்யாவும் அப்போது வெட்டிய புல்லும், இரண்டாவது நந்தி மலை, மிளகை நுணுக்கிப் போட்ட மாதிரி ஒரு காரம், மூன்றாவது சோலாப்பூர்ப் பக்கம், வெயிலில் வதங்கிய நாவல்பழம், நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, நான்காவது மறுபடி நாசிக், மரப்பீப்பாயில் கிடந்து புகையேறியது, எல்லாவற்றுக்கும் வாயில் வார்த்தை தயாராக இருக்கிறது, ஐந்தாவதை மூக்குக்குக் கொண்டுபோகிறேன், கை அப்படியே நிற்கிறது, பன்னீர்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பழத்துக்கே அதுதான் பேர், பன்னீர்த் திராட்சை, நசுக்கினால் கையெல்லாம் ரோஜா, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் தலைக்கு மேலே தொங்கும், என் அக்கா சகாயராணி கத்தரிக்கோலோடு அண்ணாந்தபடியே நடப்பாள், அண்ணாந்து அண்ணாந்தே தீராத கழுத்து வலி வந்தவள், அவள்தான் நாலு மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னாள், தம்பி, ஒயின் கம்பெனிக்காரங்க வந்துருந்தாங்கடா, இந்தப் பக்கத்துல நம்ம தோட்டத்துப் பழம் மட்டுந்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஒயின் போட்டுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதிட்டாங்கன்னா பத்து வருசத்துக்கு நம்மகிட்டயே எடுத்துக்குவாங்களாம், இல்லேன்னா பந்தலப் பிரிச்சிட்டுத் தென்னை வைக்கப் போறேன்னு ஒம் மச்சான் ஒத்தக்கால்ல நிக்கிறாரு, இந்தப் பந்தல் இல்லாம நான் என்னா செய்வேன் சொல்லு, ருசி பாக்குற ஆளுகள்ல நீயும் இருப்பியா. இல்லக்கா, அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல என்றேன், பச்சைப் பொய், இருப்பேன் என்றால் எனக்காகப் பார்த்துச் சொல்லுடா என்பாள், அதற்குப் பயந்தேன்.

வாயில் ஊற்றுகிறேன், மெல்லிய சிவப்பு, முதலில் ரோஜா, பிறகு பழத்தோலின் புளிப்பு, கடைசியில் மழை நின்ற தோட்டத்து மண், அக்கா தோட்டமேதான், துப்ப மனம் வராமல் விழுங்கிவிட்டேன், எதிரே குல்கர்னி, புனேக்காரர், குழுவின் தலைவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, இதென்னய்யா, ஜூஸ் கடையிலிருந்து வந்ததா என்கிறார், மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், கம்பம் என் ஊர் என்று அவர்களுக்குத் தெரியும், அக்காவின் தோட்டம் என்று தெரியாது, நல்லது என்று சொன்னால் இவனுக்குப் பட்டிக்காட்டு நாக்கு இன்னும் போகவில்லை என்பார்கள், அப்போது பார்த்து அம்மா வருகிறாள், நடுவீட்டில் கிடத்தியிருக்கிறார்கள், எனக்கு ஒன்பது வயது, அக்கா என் கையைப் பிடித்துப் பன்னீரைத் தெளிக்க வைக்கிறாள், அம்மாவின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக நிற்கிறது, மல்லிகை, ஊதுபத்தி, அதற்கெல்லாம் அடியில் இன்னொரு நாற்றம், நான் ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுக்கிறேன், அக்கா தாவணி முனையால் என் வாயைத் துடைத்துவிடுகிறாள், இதை, போயும் போயும் இதை எடுத்து நான் அந்த வெள்ளை மேசையில் வைத்தேன், ஆங்கிலத்தில், அழகாக, சாவு வீட்டில் பிணத்தின் மேல் தெளிக்கிற பன்னீர் என்றேன், அறையே சிரித்தது, குல்கர்னி மேசையைத் தட்டினார், அப்படியே எழுதுங்கள் என்றார், எழுதினேன், நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, கருமம், அதை நினைத்தால்தான் இன்னும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தத் தாளைத் தமிழில் பெயர்த்து, எழுதியவர் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டுத் தோட்டக்காரருக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது, பதினைந்து நாள் போயிருக்கும், காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது, தம்பி, பழம் வேணாம்னுட்டாங்கடா என்கிறாள், நாலு பேரு எழுதுனது ஒண்ணும் வெளங்கல, இனிப்பு சாஸ்தி, கனம் பத்தாதுன்னு என்னத்தையோ எழுதிருக்காங்க, ஒருத்தன் எழுதுனது மட்டும் நல்லா வெளங்குது, படிக்கவா, வேண்டாம் என்று சொல்வதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள், எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாக, பிணத்தின் மேல் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு மிச்சத்தையும் படித்தாள், நான் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கிறேன், துப்பிவிட்டு, எவனோ வெவரங்கெட்டவன்க்கா, விடு என்கிறேன். இல்லடா, வடக்க உள்ளவனுக்குச் சாவு வீட்டுப் பன்னீரப் பத்தி என்னா தெரியும், இது நம்மாளு எழுதுனது, அம்மா செத்தன்னைக்கு அந்த வாசத்துல வாந்தி எடுத்தவன் எழுதுனது என்றாள்.

திறந்த குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்லாருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு. நல்லாருந்துச்சுக்கா. மத்ததெல்லாம் விட நல்லாருந்துச்சா. ஏழுலயும் அதுதான்க்கா என்றேன், அழுவாள், திட்டுவாள் என்று காத்திருக்கிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன், அவளோ, சரிடா, கல்லுத்தூணப் பிடுங்க ஆளு வந்துருச்சு, ஒம் மச்சான்கிட்ட இத நீயாச் சொல்லிக்கிராத, உன்னையப் பத்தி எல்லாருகிட்டயும் அம்புட்டுப் பெருமையாப் பேசுறாரு, வச்சிர்றேன் என்றாள்.