பஹீஜா கூட்டிப்போன இடம்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகத்தான் இத்தோவுக்குப் பட்டது. நாத்தனார் பஹீஜாவுக்குத் திடீரென்று என்ன கரிசனம்? பத்து நாளாகப் பதினொரு மணி அடித்தால் போதும், "அண்ணி, நீங்க கொஞ்சம் படுங்க, பிள்ளையை நான் பாத்துக்கிறேன்" என்று இத்தோவின் மகள் நுஹைலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது பிள்ளையின் தலைமுடியில் புகை வாடை.

நுஹைலாவுக்கு ஆறு வயது. பேச்சு இல்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஃபெஸ் நகரத்து டாக்டர் ஆட்டிசம் என்றார். புகுந்த வீட்டு அரபுக்காரர்களோ ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள், அதுவும் அரபு இனத்தைச் சேராத மலைக்காரி இத்தோவோடு சீதனமாக வந்த ஜின்னாம். ஊர்க்கோடியிலிருந்த மகான் சமாதியைப் பற்றி அவர்கள் குசுகுசுப்பதும் அவள் காதில் விழுந்திருந்தது. அங்கே ஜின்னை விரட்டப் பிள்ளைகளைச் சங்கிலியால் கட்டிச் சாம்பிராணிப் புகை போடுவார்களாம்.

"எங்கே போனீங்க?"

"சும்மா, காலாற."

"புகை நாறுதே."

"ஊருன்னா அடுப்பு எரியாதா அண்ணி? உங்க மலையில வெயில்லயா ரொட்டி சுடுறீங்க?"

சிரித்து மழுப்புகிறாள், கள்ளி. மறுநாள் இத்தோ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். பிள்ளை மேல் யாராவது கை வைத்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி மலைக்குப் போய்விடுவது, அப்புறம் புருஷனும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

பஹீஜா சமாதிப் பக்கம் திரும்பவில்லை. நாலு தெரு தள்ளியிருந்த பொது ரொட்டி அடுப்புக் கூடத்துக்குள் நுழைந்தாள். இத்தோ வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பெண்கள் வீட்டில் தட்டிய சுடாத ரொட்டிகளைப் பலகையில் கொண்டுவந்து வைக்க வைக்க, நுஹைலா சாக்கின் மேல் உட்கார்ந்து அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்புக்காரர் அந்த வரிசைப்படியே எடுத்து உள்ளே தள்ளினார்.

"மெதுவா பேசுங்கம்மா, நம்ம பிள்ளை இருக்கு" என்று அவர் அதட்டியதும் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள்.

இத்தோ நேரே பஹீஜாவிடம் போனாள். "இதை ஏன்டி மறைச்சே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? எங்க ஆளுங்க மேல உங்களுக்கு எப்பவும் சந்தேகம். ரெண்டு வருஷமா பிள்ளையை வெளியே விடாம, நீங்களும் வராம, கதவைப் பூட்டியேதானே வெச்சிருந்தீங்க."

பலகையோடு நின்ற ஒருத்தி திரும்பினாள். "இது யாரு பஹீஜா?"

"நுஹைலாவோட அம்மா."

அந்தப் பெண் இத்தோவை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மாவா? இந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லைன்னுல்ல நாங்க நெனச்சிட்டிருந்தோம்."